மீட்டர் என் தலையைப் பார்த்துக் கத்திய நாள்

போன வருடம் தைப்பூசம் முடிந்த இரண்டாவது வாரம் அது. பினாங்கில் பாயான் பாருவை ஒட்டிய தொழிற்பேட்டையில், நான் வேலை செய்யும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. அதனால் கொஞ்சம் படபடவென்று சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பாதி ருசி போய்விடும். குளிரூட்டிய அறையில் நைலான் சட்டையைக் கழற்றினால் சடசடவென்று சத்தம் கேட்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சில சமயம் சுரீரென்று ஒரு கடி கடிக்கும், இல்லையா? அதுதான் ஸ்டேட்டிக். நமக்கு அது வெறும் சுரீர். நாங்கள் தயாரிக்கும் போர்டுகளில் இருக்கும் சிப்புகளுக்கு அது மரண அடி. அந்த ஸ்டேட்டிக்கை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கையில் ஒரு சின்ன மீட்டரை வைத்துக்கொண்டு தளம் முழுக்கச் சுற்றுவேன். எதன் மேலாவது ஸ்டேட்டிக் ஏறியிருந்தால் மீட்டர் 'பீப்' என்று கத்தும். பிஸ்கட் உறை, பிளாஸ்டிக் பாட்டில், கம்பளிச் சட்டை, எதுவாக இருந்தாலும் உடனே வெளியே போக வேண்டும். பெரிய மேனேஜர் ஒருவருடைய குளிர்ச்சட்டையையே கழற்ற வைத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரப் பெண்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'காக் ஸ்டேட்டிக்'. ஸ்டேட்டிக் அக்கா என்று அர்த்தம். நான் வருவது தெரிந்தால் மேசைக்கு மேசை சாமான்கள் மறையும்.

ஆனால் எனக்கு ஆசை வேறொரு வேலை மேல் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்களை வரவேற்று, தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டி, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும் பொறுப்பு. முன்பு ஒரு முறை அதற்குக் கேட்டேன். "நீ உள்ளே இருக்க வேண்டிய ஆள்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தை என்னை எவ்வளவு நாள் அரித்தது என்று எனக்குத்தான் தெரியும். இந்த முறை எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த மேனேஜர், ஒரு சீனப் பெண்மணி, என்னைக் கூப்பிட்டு, "அடுத்து வரப்போகும் குழுவை நீயே அழைத்துப் போ. நன்றாக நடந்தால் அந்த வேலை உனக்கு" என்று சொன்னார். நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான் வருவார்கள் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தத் தைப்பூசத்துக்கு நான் தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டேன்.

அதற்கு முந்தின வருடம் என் கணவர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது பினாங்குப் பாலத்தில் ஒரு லாரி இடித்துவிட்டது. அவருக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் கார் விற்கும் கடையில் வேலை. கார் விற்கிறவர் மோட்டார் சைக்கிளில் போவது ஏன் என்று கேட்காதீர்கள், அது எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நின்றபோது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "தண்ணீர்மலை முருகா, இந்த மனுஷனை எனக்குத் திருப்பிக் கொடு, என் முடியைத் தருகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். முருகன் கொடுத்துவிட்டான். அந்தத் தைப்பூசத்தன்று அவர் தன் காலாலேயே தண்ணீர்மலைப் படி முழுக்க ஏறி வந்தார், என் கைப்பையையும் தூக்கிக்கொண்டு. இடுப்பு வரை இருந்த முடியைக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு இறங்கியபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பெருநாளுக்குள் முடி ஓரளவு வளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மலையிலிருந்து இறங்கின ஈரம்கூடக் காயவில்லை, வந்தது செய்தி. வாடிக்கையாளர்களின் பயணம் மாறிவிட்டதாம். அடுத்த வாரமே வருகிறார்களாம்!

அலாமாக், ஐயையோ! நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜர் என் தலையைப் பார்த்தார், புன்னகை செய்தார், பிறகு பயண ஏற்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். தலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. வாயால் சொல்லாமல் ஏதோ சொல்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் உற்பத்தி வரிசைக்குத் தலைவியாக இருக்கும் தமிழ்ப்பெண் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், வாய்த்துடுக்கு அதிகம். அவள்தான், "அக்கா, அப்படியே போங்களேன். சூப்பரா இருக்குலா" என்றாள். "சும்மா இரு, ஒனக்கு என்ன தெரியும்" என்று அவள் மேல் விழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். வேலையிடத்தில் மதிப்பாகத் தோன்றுவது எப்படி, முதல் பார்வையிலேயே மனதைக் கவர்வது எப்படி என்று ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். எல்லாரும் ஒரே அச்சு. கறுப்புக் கோட்டு, உயரக் குதிகால் செருப்பு, தோளில் வழுக்கி விழும் பளபள முடி. ஒருத்திகூட மொட்டையாக இல்லை. நெற்றியில் பொட்டு வைத்தவளும் இல்லை. சரி, உலகமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கணவரை இழுத்துக்கொண்டு கொம்தார் கடைத்தொகுதிப் பக்கம் கிளம்பினேன்.

அங்கே ஒரு கடையில் பொய்முடி வாங்கினேன். தோள் வரை தொங்கும், ஓரத்தில் லேசாகச் செம்பட்டை. அதை மாட்டிக்கொண்டு திரும்பினதும் என் கணவர் கைகூப்பி, "வாங்க மேடம். எங்க வீட்டம்மா இங்கதான் எங்கயோ நிக்கிறா, பாத்தீங்களா?" என்றார். கடைக்காரச் சீன அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே கறுப்புக் கோட்டும் குதிகால் செருப்பும் சேர்த்து வாங்கினேன். அதோடு விட்டேனா? வீடியோவில் வந்த பெண்களைப் போல ஆங்கிலம் பேசிப் பழகினேன். குளியலறையில் நான் பேசுவதைக் கேட்டு அவர் வெளியே நின்று, "உள்ள யாரு?" என்று கதவைத் தட்டுவார்.

வந்தது அந்த நாள். மூன்று பேர் வந்தார்கள். குழுத்தலைவி ஓர் உயரமான அம்மா, நரைத்த குட்டை முடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, தொழில் தெரிந்த ஆள், ஏமாற்ற முடியாது. கூட்ட அறையில் நான் பேச ஆரம்பித்தேன். ஒரு வார்த்தை தப்பவில்லை. ஆனால் ஒரு வார்த்தையும் என்னுடையதாகவும் இல்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பொய்முடிக்குள்ளே வியர்வை ஊறி, தலை முழுக்க அரிப்பு. சொறியவும் முடியவில்லை. அந்த அம்மா முதலில் கவனமாகக் கேட்டார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு சன்னல் பக்கம் பார்த்தார். மூலையில் உட்கார்ந்திருந்த மேனேஜரின் முகம் மெல்ல மெல்லத் தொங்கியது. போச்சு, இந்த வேலையும் போச்சு, மறுபடியும் 'உள்ளே இருக்க வேண்டிய ஆள்' என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மீதியையும் ஒப்பித்து முடித்தேன்.

தளத்துக்குப் போனோம். எல்லாரும் நீலக் கோட்டு மாட்டி, செருப்பில் பட்டை கட்டி, வாசலில் இருக்கும் சோதனைப் பெட்டியில் கை வைத்தோம். எனக்கும் பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா, என் சொந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று கொஞ்சம் தைரியம் வந்தது. வழக்கமாகச் செய்வதுபோல மீட்டரை எடுத்துக் காட்டினேன். பிளாஸ்டிக் கோப்பைக்கு நேரே பிடித்தால் கத்தியது. மேசை விரிப்புக்கு நேரே பிடித்தால் மௌனம். அந்த அம்மாவுக்கு முதல்முறையாக முகம் மலர்ந்தது. "நான் பார்க்கலாமா?" என்று கேட்டு மீட்டரை வாங்கினார். வரிசைத்தலைவியின் சட்டைக் கைக்கு நேரே பிடித்தார், பூஜ்யம். நாற்காலிக்கு நேரே, பூஜ்யம். என் நீலக் கோட்டுக்கு நேரே, பூஜ்யம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படியே கையை உயர்த்தி என் தலைக்கு நேரே பிடித்தார்.

பீஈஈஈப்!

நிற்கவே இல்லை. எண்கள் ஏறிக்கொண்டே போயின. தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தச் சத்தம் அவர்களுக்குப் பழக்கம், ஆனால் அது காக் ஸ்டேட்டிக்கின் தலையிலிருந்து வருவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறார்கள்.

எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. பொய்முடி எதனால் செய்கிறார்கள்? செயற்கை நார்! துணிக்கடைக்குப் போனால்கூட இது பருத்தியா நைலானா என்று விரலால் உரசிப் பார்க்கிற நான், பிஸ்கட் உறைக்காக ஆட்களை ஓட ஓட விரட்டுகிற நான், ஒரு கூடை செயற்கை நாரைத் தலையில் சுமந்துகொண்டு போர்டுகளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். இதைவிடக் கேவலம் உண்டா?

பக்கத்தில் நின்ற வரிசைத்தலைவி மெதுவாக, "அக்கா... போச்சு" என்றாள்.

மீட்டரில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மீட்டர் கோளாறு என்றால் அது இத்தனை நாள் அளந்ததெல்லாம் என்ன? இந்தத் தளத்தில் நான் செய்த வேலையெல்லாம் என்ன? ஒரு பொய்முடிக்காக என் வேலையையே பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. அதுவுமில்லாமல், வேறு யாராவது இப்படி நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அந்தத் தளத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

என் கால் முந்திக்கொண்டது. போர்டுகளை விட்டுப் பின்னால் நகர்ந்தேன். இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பில் அதைக் கழற்றினேன்.

ஏர்கான் காற்று மொட்டைத் தலையில் பட்டது பாருங்கள்! "அப்பாடா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பொய்முடியை வரிசைத்தலைவியிடம் நீட்டி, "இத வெளிய கொண்டு போயி போடு" என்றேன். அவள் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கக் குலுங்க நடந்தாள். நான் அந்த அம்மாவிடம் தலையைக் குனிந்து, "இப்போது அளந்து பாருங்கள்" என்றேன்.

பூஜ்யம்!

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் அந்த மூன்று பேரும் துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் தோளைத் தொட்டு, மிக மெல்லிய குரலில், "உடம்புக்கு முடியவில்லையா? சிகிச்சை நடக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனேன். ஐயோ, இவர்கள் ஊரில் மொட்டை என்றால் வியாதி! இதற்கு ஆங்கிலத்தில் என்னவென்று சொல்வது? வேண்டுதல், நேர்த்திக்கடன், முடிகாணிக்கை, ஒன்றுக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. பழகி வைத்திருந்த ஆங்கிலமெல்லாம் எங்கே ஓடி ஒளிந்ததோ. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நோ, நோ! திஸ் இஸ் ஹேப்பி போத்தாக்!"

போத்தாக் என்றால் மலாயில் மொட்டை. சந்தோஷ மொட்டை என்று சொல்லியிருக்கிறேன்! தளம் முழுக்க வெடித்துச் சிரித்தது. ஒரு மலாய்க்கார அக்கா கைதட்டி, "போத்தாக் பூன் சாந்தேக், காக்!" என்று கத்தினார். மொட்டையும் அழகுதானாம். இங்கே தைப்பூசத்தன்று தெருவில் நின்று வேடிக்கை பார்க்காத ஆள் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கெல்லாம் என் மொட்டை எதற்கென்று நன்றாகத் தெரியும். அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியாது. நான் பாலத்தைப் பற்றிச் சொன்னேன், லாரியைச் சொன்னேன், கணவர் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறியதைச் சொன்னேன். உடைந்த ஆங்கிலத்தில்தான் சொன்னேன், நடுவில் மலாயும் தமிழும் கலந்து வந்தது, வாக்கியத்துக்கு வாக்கியம் எங்கள் ஊர் 'லா'வுக்கும் குறைவே இல்லை. அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அவரும் அவர் நாக்கில் அதைச் சொல்லிப் பார்த்தார், "ஹேப்பி போத்தாக்" என்று. அப்புறம் அவரே வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் சிரித்து முடித்ததும் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி. "வாசலில் உனக்குப் பச்சை விளக்கு எரிந்ததே, அது எப்படி?"

அதுதான் கேள்வி! இதைத்தானே நான் இத்தனை வருடமாகப் புதிய ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன்! வாசல் பெட்டி உடம்பை மட்டும்தான் பார்க்கும், உடம்பில் இருக்கும் மின்சாரம் செருப்புப் பட்டை வழியாகத் தரைக்குப் போய்விடும். பொய்முடியில் இருப்பது எங்கேயும் போகாது, அங்கேயே உட்கார்ந்திருக்கும், பெட்டிக்கு அது தெரியவும் தெரியாது. பொய்முடி, பிளாஸ்டிக் அட்டை, சட்டைப்பையில் மிட்டாய் உறை, எல்லாம் ஒன்றுதான். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். குதிகால் செருப்பு தடுக்கியது, போய் என் பழைய தட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து மறுபடி சொன்னேன். அடுத்த முறை இப்படி ஒருத்தி வராமல் இருக்க என்ன செய்வாய் என்று கேட்டார். யோசிக்கவே இல்லை. "வாசலிலேயே தலை முதல் கால் வரை மீட்டர் காட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். மேனேஜராக இருந்தாலும் சரி" என்றேன். மேனேஜர் உடனே தலையாட்டினார். அன்று மதியமே வாசலில் ஒரு மீட்டரும் ஆளும் வைத்தாயிற்று. அவர்கள் போவதற்குள் தளத்தின் ஒரு மூலையைக்கூட நான் விடவில்லை. மணி போனதே தெரியவில்லை. அந்த அம்மாவும் நானும் சண்டை போடுவதுபோலப் பேசிக்கொண்டே நடந்தோம், அவ்வளவு உற்சாகம்!

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். தப்பு தப்புதானே, வாடிக்கையாளர்கள் முன்னால் விதியை மீறியவள் நான். அவர் நேரே விஷயத்துக்கு வந்தார். "நேற்றுக் காலை கூட்ட அறையில் பேசியவளை நான் இந்த வேலைக்கு எடுக்க மாட்டேன். மத்தியானம் தளத்தில் பேசியவள் எப்போது வேலையைத் தொடங்குவாள்?" என்று கேட்டார். எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. தலையைப் பற்றி அன்று ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்புறம் ஒரு நாள் கேட்டேன். நன்றாக இருந்தது, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார்!

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் கணவர், "நான் அப்பவே சொன்னேன்லா, மொட்டதான் ஒனக்கு அம்சமா இருக்குன்னு" என்றார்.

"எப்ப சொன்னீங்க?"

"மனசுக்குள்ள."

இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன். எப்படி உடுத்துவது என்று யார் வீடியோவையும் பார்ப்பதில்லை. என் வேலைக்குப் பருத்திதான் சரி, எனக்கும் பருத்திதான் பிடிக்கும். ஆகவே லிட்டில் இந்தியாவில் ஒரு தையற்காரரிடம் பருத்திப் புடவைகளைக் கொடுத்து, கழுத்துப்பட்டை வைத்த குட்டைக் கோட்டுகளாகத் தைத்துக்கொண்டேன். மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ ஊதா, ஒன்று நல்ல கிளிப்பச்சை. முதலில் அவர் தலையைச் சொறிந்தார், இப்போது இன்னும் நாலு பேர் அதேபோலக் கேட்டு வருகிறார்களாம். முடி வளர்ந்தது, காதைத் தாண்ட விடுவதில்லை. இந்தக் குட்டை முடிதான் என் முகத்துக்குப் பொருந்துகிறது என்று முருகன் புண்ணியத்தில் தெரிந்துகொண்டேன். பொட்டு வைக்கிறேன். தட்டைச் செருப்புதான் போடுகிறேன். பேசும்போது லா வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். வருகிறவர்களுக்குப் புரியாவிட்டால் கேட்கிறார்கள், நான் சொல்கிறேன், அதிலேயே பாதிப் பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது.

கறுப்புக் கோட்டு போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அதைப் போட்டால்தான் தன்னைப்போல இருக்கிறது என்றால் போடட்டும், அழகுதான். என் கதை வேறு. அன்றைக்கு என் தலையில் இருந்ததைப் பற்றி அந்த அம்மா கேட்டபோது உண்மையைச் சொல்ல அதைக் கழற்ற வேண்டியிருந்தது. இன்றைக்கு நான் உடுத்தியிருப்பதில் எதைக் காட்டி எவர் கேட்டாலும், நின்ற இடத்தில் நின்றபடியே சிரித்துக்கொண்டு உள்ளதைச் சொல்ல முடிகிறது. அந்தச் சுகத்துக்கு ஈடாக எனக்கு இதுவரை எந்த உடையும் கிடைத்ததில்லை.